கண்ணாடியை இறக்கி வை

ஜனவரி 6

அக்கா,

நீ போன் எடுக்க மாட்டாய் என்று தெரிந்துபோயிற்று. முதலில் மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. இப்போது ஒரே தடவை அடித்துக் கட்டாகிறது. என் நம்பரை என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று எனக்கும் புரியும். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு பார்வையாவது பார்ப்பாய்.

கார் வாங்கிவிட்டோம்.

நீ தருகிறேன் என்ற உன் பழைய காரை வேண்டாம் என்றது நான் இல்லை. "உங்க அக்கா ஓட்டிக் கழிச்சது நமக்கு எதுக்கு?" என்று சொன்னது அவர். வாய் கொஞ்சம் நீளம் அவருக்கு. நீ அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பாய் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே வந்து நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

இந்தக் கார் அவர் வேலை செய்கிற குளிர்சாதனக் கிடங்கின் சூப்பர்வைசருடையது. சாம்பல் நிறம். வெளியே கீறல் இருந்தாலும் உள்ளே எல்லாம் புதுசு. சீட் கவர் புதுசு, கீழே தரை முழுக்கக் கறுப்பு விரிப்பு ஓரம் விடாமல் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். செருப்போடு ஏறவே மனசு வரவில்லை.

ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. பயலுக்கு நாலு மாதம் ஆகிறது, இன்னும் தூக்கம் இல்லை. பால் குடித்ததும் அழ ஆரம்பித்தால் முகம் கறுக்கும் வரை அழுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். போன மாதம் அவனுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு வெட்டியபோது, கொட்டுகிற மழையில் ஒரு வாடகை வண்டிகூட வரவில்லை. அவர் வேலையில் இருந்தார். நான் அவனைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினேன். ஓடும்போது அவன் அழுகையை நிறுத்திவிட்டான். துண்டை விலக்கிப் பார்க்கத் தைரியம் வராமல் ஓடினேன் அக்கா. அன்றைக்கு நினைத்தேன், என்ன ஆனாலும் சரி, வாசலில் ஒரு வண்டி நிற்க வேண்டும்.

எந்தப் பெட்ரோல் போடுவது, டயருக்குக் காற்று எவ்வளவு, ஆயில் எப்போது மாற்றுவது? அவரிடம் கேட்டால், "ஓடுதுல்ல, விடு" என்கிறார்.

சுண்டு

*

ஜனவரி 14

சுண்டு,

கிழிக்கவில்லை.

இங்கே யார் பழைய கார் வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். நான் பார்த்து ரிப்போர்ட் எழுதிக் கொடுக்காமல் வங்கியில் கடன்கூடத் தருவதில்லை. எனக்குக் கண்ணால் கண்டால் ஆகாத எங்கள் வீட்டு ஓனர், அவருக்குக்கூடப் போன வாரம் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்துச் சொன்னேன். கூடப்பிறந்தவள் மட்டும் வாங்கி முடித்துவிட்டுக் காற்று எவ்வளவு என்று கேட்கிறாள். தாலி கட்டி முடித்த பிறகு மாப்பிள்ளை எப்படி என்று விசாரிப்பது போல இருக்கிறது.

வாங்கும்போது என்ன பார்த்தீர்கள்? காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் செய்தீர்களா? விற்கிறவன் எப்போதும் சூடேற்றி வைத்துத்தான் கூப்பிடுவான். பின்னால் வருகிற புகை என்ன நிறம்? நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் வீணாகிறது. உன் வீட்டுக்காரர் பாட்டுப் பெட்டி பாடுகிறதா என்று பார்த்திருப்பார்.

பெட்ரோல்: மூடியின் உள்பக்கம் எது எழுதியிருக்கிறதோ அது, அதற்கு மேல் விலை கூடியது போட்டால் இன்ஜின் நன்றி சொல்லாது. வண்டிகள் நிறைய வந்து போகிற பங்க்கில் போடு, அங்கேதான் பெட்ரோல் தேங்கிக் கிடக்காது. சிவப்பு விளக்கு எரியும் வரை காத்திருக்காதே, கைக்குழந்தைக்காரி நடுரோட்டில் நிற்கக் கூடாது. காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஓடிச் சூடாவதற்கு முன்னால் பிடி. ஆயிலுக்கு, வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் கொஞ்சம் பொறுத்து அளவுக் கம்பியை உருவிப் பார்.

இப்போது சொல்வதை மட்டும் இரண்டு தடவை படி. பழைய காரில் புது விரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் விற்கப்போகிற காருக்குச் செலவு செய்வதில்லை, மறைக்க வேண்டியது இருந்தால் தவிர. ஓரத்தில் பிய்த்துத் தூக்கித் தரையைப் பார். பார்த்துவிட்டு எழுது. அதுவரைக்கும் ஓட்டும்போது கண்ணாடியை இறக்கி வை.

பயலுக்கு என் முத்தம். உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஒன்றும் இல்லை.

அக்கா

*

ஜனவரி 22

அக்கா,

உன் கடிதத்தை அவரும் படித்துவிட்டார். மேசையில் வைத்தது என் தப்பு. "பாட்டுப் பெட்டியைப் பாத்தானாம்ல... சரி, நான் ஒண்ணும் தெரியாதவன்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே வேலைக்குப் போனார்.

நீ எதற்கெடுத்தாலும் சோதனை போடுகிறவள். எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தபோதும் நீ அப்படித்தான், அவர் பல்லை எண்ணாத குறை. விரிப்பைப் பிய், தரையைப் பார், கண்ணாடியை இறக்கு. இந்தக் குளிரில் கண்ணாடியை இறக்கிவிட்டு நாலு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்கிறாயே, உனக்கு என்ன தெரியும்? பெற்றவளுக்குத்தான் தெரியும். உனக்குத் தெரிந்ததெல்லாம் காரின் வயிறு. அதற்குள் என்ன தங்கும், என்ன தங்காது என்று அதை மட்டும் நீ பார்.

இந்தப் பக்கம் உன்னைத் திட்டியே தீர்ந்துவிட்டது. நல்ல சேதியை அடுத்த பக்கத்தில் எழுதுகிறேன்.

பயல் தூங்குகிறான் அக்கா! காரில் தூங்குகிறான். ஸ்டார்ட் செய்து தெருமுனை திரும்புவதற்குள் கண் சொருகுகிறது. இன்ஜினை அணைத்தால் முழித்துக்கொள்கிறான். அதனால் மூடிக் கிடக்கிற பழைய ஆலையின் மதில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினையும் ஹீட்டரையும் ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நானும் கண் அயர்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் தூக்கம் இதுதான். எழுந்தால் தலை வலிக்கிறது. இத்தனை நாள் தூங்காமல் கிடந்த உடம்புக்குத் தூக்கமும் ஒத்துக்கொள்ளவில்லை போல.

வண்டிச் சத்தம் முன்னைவிடக் கூடியிருக்கிறது. கீழே யாரோ கனைக்கிற மாதிரி வருகிறது. லேசாகக் கருகல் வாடையும் வந்தது, எலுமிச்சை வாசனை அட்டை ஒன்று வாங்கித் தொங்கவிட்டேன், போய்விட்டது. அவர் ஓட்டும்போது கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே போட்டுக்கொள்கிறவர், அவருக்கு ஒரு வாடையும் தெரியவில்லையாம்.

விரிப்பைப் பிய்க்கவில்லை. நன்றாக ஒட்டியிருப்பதை எதற்குக் கெடுப்பது?

சுண்டு

*

பிப்ரவரி 3

அக்கா,

பதில் இல்லை. நான் எழுதினது எனக்கு நினைவிருக்கிறது. தபாலில் போட்ட பிறகு பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ள முடியுமா?

எனக்கு உடம்பு சரியில்லை. தலைவலி நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த மாதிரி. நேற்றுக் காரிலிருந்து இறங்கினதும் படிக்கட்டிலேயே வாந்தி எடுத்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அசதிம்மா, முதல் குழந்தைன்னா இப்படித்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வேடிக்கை கேள். ஞாயிற்றுக்கிழமை அவர் காரை எடுத்துக்கொண்டு சீட்டாடப் போய்விடுகிறார், அன்றைக்கு மட்டும் தலைவலி கிட்டே வருவதில்லை. அவர் இல்லாததால் என்று சொன்னேன். அவருக்கு அது சிரிப்பாக இல்லை.

பயல் இப்போது ரொம்பச் சமர்த்து. அழுவதே இல்லை. வீட்டிலும் தூங்குகிறான். பாலுக்கு நான்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது, பாதி குடித்துவிட்டு மறுபடியும் தூங்கிவிடுகிறான். சுவரைத் தட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் படியில் பார்த்து, "பையன் ஊர்ல இல்லையாம்மா?" என்று கேட்டார். எல்லாரும் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏனோ பயமாக இருக்கிறது. நான் எதற்குத்தான் பயப்படவில்லை, அழுதாலும் பயம், அழாவிட்டாலும் பயம்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சுண்டு

*

பிப்ரவரி 8, உன் வீட்டு வாசலில்

சுண்டு, இதைப் பார்த்ததும் செய்:

காரில் ஏறாதே. பயலைத் தூக்கிக்கொண்டு வேறு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போ. கார்ப் புகையைச் சுவாசித்திருக்கிறோம், பல நாளாக, என்று டாக்டரிடம் சொல். அசதி என்று சொன்னால் கேட்காதே. சத்தம் போடு.

உன் கடிதத்தை இன்று காலையில்தான் பிரித்தேன். அதைப் படித்த பிறகு பழைய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தையும் படித்தேன். வழி முழுக்கப் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரர் கிடங்குக்குள் இருக்கிறாராம், சேதி சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் நீ குழந்தையோடு காரில் போனதைப் பார்த்தாராம். ரொம்ப நேரம் ஆகிறது என்கிறார்.

ஆலை மதிலுக்குப் போகிறேன். நீ அங்கே இல்லாமல், இதற்குள் வீட்டுக்கு வந்து இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

*

மார்ச் 2

அக்கா,

நேற்றுத்தான் வீட்டுக்கு விட்டார்கள். நீ கிளம்பின அன்றைக்கு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன், தூங்கவில்லை. நீ என் காலைத் தொட்டுவிட்டுப் போனது தெரியும்.

கண்ணாடி உடைந்த சத்தம் எனக்கு நினைவில்லை. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததும், யாரோ என் பெயரை, வீட்டில் கூப்பிடுகிற பெயரை, கத்தினதும் மட்டும் நினைவிருக்கிறது. யார் இவ்வளவு சத்தம் போடுகிறார்கள், பயல் முழித்துக்கொள்வானே என்று கோபம் வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரை. பக்கத்தில் அவன் முகத்தைவிடப் பெரிய ஆக்ஸிஜன் மூடி.

டாக்டர் இப்போது அசதி என்று சொல்வதில்லை. "உயிருக்கு ஆபத்து தாண்டிருச்சு" என்கிறார். மற்றதைக் கேட்டால் பேனாவை மூடித் திறக்கிறார். "குழந்தை மூளை, எவ்வளவு பாதிச்சிருக்குன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. கழுத்து நிக்கிறது, திரும்பிப் பாக்கிறது, உக்கார்றது, ஒவ்வொண்ணா வருதான்னு பாக்கணும்." பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க அதுதான் வேலை.

அவர் அந்த விரிப்பைப் பிய்த்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பயலின் கூடையை வைக்கிற இடத்துக்கு நேர் கீழே, தரை துருவேறி உதிர்ந்து போயிருக்கிறது. அவர் கையை விட்டார், முழங்கை வரை போயிற்று. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டதற்கு, "பாத்துத்தானே வாங்கினீங்க?" என்றானாம்.

உன்னிடமும் கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் நீ அரைகுறையாகச் சொன்னது காதில் விழுந்தது. என் கடிதம் உன்னிடம் வந்து எத்தனை நாள் கிடந்தது? ஒட்டினவன் அவன். பிய்க்காதவள் நான். பாதியில் மூடி வைத்தவள் நீ. இதில் யாரைப் பார்த்து அழுவது என்று தெரியாமல், தூங்குகிற குழந்தையை உலுக்கி எழுப்பிக்கொண்டிருக்கிறேன். அவன் கண்ணை மூடினால் எனக்கு மூச்சு நிற்கிறது.

சுண்டு

*

மார்ச் 9

சுண்டு,

உன் ஜனவரிக் கடிதம் இரண்டே நாளில் வந்துவிட்டது. 'என்ன தங்கும், என்ன தங்காது' என்ற இடம் வரை படித்தேன். இரண்டு தடவை எனக்குத் தங்காமல் போனபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீ. வேறு யாராவது எழுதியிருந்தால் மேலே படித்திருப்பேன். மடித்து என் காரின் டாஷ்போர்டில் போட்டேன். அதை அங்கே வைத்துக்கொண்டே பதினைந்து நாள் ஊரார் கார்களுக்கு அடியில் படுத்து எழுந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

கிளம்பும் முன் அந்தக் காரை ஒரு ஷெட்டில் தூக்கிப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தே பழகிப்போன கை, அதனால் உனக்கும் எழுதுகிறேன். புகைக்குழாய் இணைப்பு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உடைந்திருக்கிறது. தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. அதுதான் நீ கேட்ட கனைப்பு. நின்றபடி ஓடும்போது புகை போவதற்கு வேறு வழியில்லாமல் தரை ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. கருகல் வாடையாவது சொல்லும், ஆளைக் கொல்கிற வாயுவுக்கு வாடையே கிடையாது.

இந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் போலீஸுக்கும் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் காரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தால் கொடுக்காதே. இன்னொரு விரிப்பு ஒட்டி இன்னொருத்தி தலையில் கட்டுவான். போலீஸ் பார்த்து முடித்ததும் உடைக்கிற இடத்தில் கொடுத்து, உடைப்பதை உன் வீட்டுக்காரர் நின்று பார்க்கட்டும். அவரைத் திட்டாதே. பாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதினது நான்தான்.

பயலைத் தூங்கவிடு. வீட்டு ஜன்னலைத் திறந்து வை, அவனைத் தூங்கவிடு. எழுப்பி எழுப்பிப் பார்க்கிற குழந்தை எப்படித் தேறும்?

உன் நம்பர் இப்போது என் போனில் முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

உனக்குப் போன் செய்ய எடுப்பேன், அடிக்கும் முன் வைத்துவிடுவேன். நீயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒரு நாள் பாதி மணி அடித்து நின்றது. நீதானே?

காரை உடைத்தாயிற்று. அவர் போய் நின்றார். வரும்போது கையில் அந்த எலுமிச்சை வாசனை அட்டை இருந்தது. எதற்கு எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இப்போது அவர் எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஜன்னலைத் திறக்கிறார். வேலை செய்கிற இடம் கதவடைத்த கிடங்கு, அங்கே என்ன செய்கிறாரோ. அந்தச் சூப்பர்வைசர் அங்கேயேதான் இருக்கிறான், வணக்கம் வைக்கிறானாம். போலீஸில் கேட்டால் கேஸ் போகிறது என்கிறார்கள்.

பயலுக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது. கழுத்து நின்றுவிட்டது. உட்காரவில்லை. கீழ் வீட்டுக் குழந்தை இவனைவிடச் சின்னது, அது உட்கார்ந்து கரண்டியால் தட்டைத் தட்டுகிறது. நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். போன வாரம் வீட்டுச் சாவிக்கொத்தை அவன் வலது காதுக்குப் பக்கத்தில் ஆட்டினேன். திரும்பவில்லை. இடது பக்கம் ஆட்டினேன். என்னைத்தான் பார்த்தான், சாவியைப் பார்க்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன், பேனாவை மூடித் திறந்தார். அடுத்த மாதம் காதுக்கு ஒரு பரிசோதனை, அதற்குப் பிறகு தலைக்கு ஒன்று.

இத்தனை மாதமும் அவன் சரியாக அழவில்லை அக்கா. பசித்தால் முனகுவான். ஊசி போட்டால் உதடு கோணும், சத்தம் வராது. ஒரு காலத்தில் அவன் வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் கார் வாங்கியவள் நான்.

நேற்றுச் சாயங்காலம் பால் கொஞ்சம் சூடாகிவிட்டது. ஒரு வாய் வைத்ததும் துப்பினான். முகம் சிவந்தது, கை இரண்டையும் முறுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தான். அந்தப் பழைய அழுகை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு, ஊரைக் கூட்டுகிற அழுகை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். ஒரே ஒரு தட்டு. அப்புறம் அவருக்கும் என்னமோ தோன்றியிருக்க வேண்டும், நிறுத்திவிட்டார். பயலின் அப்பா சட்டையைப் பாதி மாட்டிக்கொண்டு ஓடி வந்தவர், கதவில் கை வைத்து அப்படியே நின்றார். "தூக்கேன்" என்றார். "தூக்காதே" என்றும் அவரே சொன்னார்.

டாக்டர் சொல்லிவிட்டார், அழுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று. எனக்கும் தெரியும். காது கேட்காத குழந்தையும் அழும்.

போனை எடுத்து உனக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாய். போனை அவன் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். உன் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. அவன் ஓய்கிற வரைக்கும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன், நீ வைக்கவில்லை.

சுண்டு